அரைப் பேர்

நார்த்தாம்டனில் ஒரு சரக்குக் கிடங்கு.
இரவு ஷிப்டில் இரண்டு வருடம் அட்டைப்பெட்டிகளுக்கு
நாடா ஒட்டினேன்.
ஒரு பெட்டியில் டாலியாக் கிழங்குகள்.
காற்றோட்டத் துளை வழியே ஒன்று முளைவிட்டு
என் விரலைத் தொட்டது.
இதை நேர்முகத் தேர்வில் சொல்லவில்லை.

"ஏன் பழைய தோட்டம்?" என்றார்கள்.
"பகல் வேலை" என்றேன்.
மூவரில் ஒருவர் சிரித்தார்.
பத்துச் செடிக்கு லத்தீன் பெயர் கேட்டு
நான்கு வாங்கினார்கள்,
அதிலும் ஒன்று தப்பு.
பயிற்சியாளர் என்ற பட்டையும்
ஒரு அளவு பெரிய பூட்ஸும் கிடைத்தன.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.
தோட்டம் என்ற சொல்லில் அவர் நின்றுவிட்டார்.
ஹட்டனுக்கு மேலே எங்கள் மூன்றாம் டிவிஷனில்
அதற்கு லயம் என்று அர்த்தம்,
அட்டைக்கடி, விடியுமுன் பெரட்டு.
"மூணு தலைமுறை ஆச்சு
தோட்டத்தவிட்டு வெளிய வர.
படிக்கப் போன பொண்ணு நீ
பிளேன் ஏறிப் போயி தோட்டத்துக்குள்ள போற."

கத்தரிக்க வேண்டிய வேலி முந்நூறு வயது யூ மரம்.
கெய்ல் கீழே கயிறு பிடிக்க
நான் மேடையில் நின்று வெட்டினேன்.
ஓரிடத்தில் வேலிக்கு வயிறு தள்ளியிருக்கிறது.
திருத்தக் கூடாது என்கிறது பராமரிப்புக் கோப்பு,
பக்கம் நாற்பது.
வயிறும் வரலாறாம்.
கவ்வாத்து என்று எங்கள் ஆட்கள் சொல்வது
இதைத்தான் என்று கெய்லிடம் சொன்னேன்.
தேயிலை ஒரு மரம்,
இடுப்புக்கு மேல் வளரவிடாமல்
நிறுத்திவைத்த மரம்.
அவளுக்கு அது தெரியாது.
தினம் ஆறு கோப்பை குடிப்பவள்.
கையில் ஒட்டியிருந்த துளிரின் வாசனை மட்டும்
இந்த வருடத்தது.

பிப்ரவரி முழுக்க மழை.
அலுவலக அறையில் பழைய கணக்கேட்டைப்
படியெடுக்கச் சொன்னார்கள்.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறு.
தலைமைத் தோட்டக்காரருக்குப் பெயர் இருந்தது.
முலாம்பழப் பாத்தி காத்த பையனுக்கு இருந்தது.
புல்வெளியில் உருளை இழுத்த குதிரைக்கும்.
அதன் கீழே:
களை பறிக்கும் பெண்கள் ஐவர்,
நாலரை நாள், நாளுக்கு ஆறு பென்ஸ்.

எங்கள் பக்கம் ஒரு நாள் கூலிக்கே பேர் என்றுதான் பெயர்.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்.
இந்த ஐவருக்கும் நாலரைப் பேர் விழுந்திருக்கிறது.
பெயர் விழவில்லை.

ஜூலையில் வானம் கைவிட்டது.
குழாய்க்குத் தடை.
டிக்கெட் வாங்கியவர்கள் புல்வெளியைப் பார்த்து
முகம் சுளித்தார்கள்.
வேலி மேடையை உயர்த்தி
மூக்கைத் துடைக்கத் திரும்பினேன்.
கீழே, காய்ந்த புல்லில், கோடுகள்.
புதைந்த சரளைப் பாதைகள் வெளுத்திருந்தன,
அவற்றுக்கு நடுவே பாத்திகள் இன்னும் பச்சையாக,
யாரோ சற்றுமுன் ஈரக் கையால் வரைந்ததுபோல.
எந்த வரைபடத்திலும் இல்லாத தோட்டம்.
"கெய்ல்" என்று கத்தினேன்.
அவள் நான் விழுந்துவிட்டேன் என்று ஓடிவந்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு முளைக்குச்சிகள் அடித்தோம்.
பாதையின் அகலத்தை அளந்தேன்:
ஒரு ஆள் முட்டிபோட்டு நகரும் அகலம்.
அளவு சரியா என்று பார்க்க
நானே முட்டிபோட்டு நகர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் மழை.
ஒரு வாரத்தில் புல் வாயை மூடிக்கொண்டது.
மீட்டெடுக்கப் பணம் இல்லை என்று கூட்டத்தில் சொன்னார்கள்,
வரைபடம் மட்டும் அலமாரிக்குப் போகிறது.
குச்சிகளைப் பிடுங்கும் வேலை எனக்கு.

நாட்குறிப்பை எழுதும் முறை அன்று என்னுடையது.
மழை பதினோரு மில்லிமீட்டர்.
தெற்குப் பாத்தியில் களையெடுத்தவர்கள்:
கெய்ல் பிரெண்டிஸ், ஓவைன் டட்லி,
சுகிர்தமலர் செல்லமுத்து.
கோடு பத்தாமல்
என் பெயர் ஓரத்தில் வளைந்து ஏறியது.

இரவு அப்பாவே கூப்பிட்டார்.
கொஞ்ச நேரம் இருமினார்.
"இன்னைக்கு என்ன, அரைப் பேரா?"
கிண்டலா கோபமா என்று
அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை.
"முழுசு" என்றேன்.
நகக்கண்ணில் மண் இருந்தது.
ஏழு மணிக்கு மறுபடி வேலி.